பொங்கல் லீவில் குடித்தவர் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்குவது எப்படி

போதை ஏறிய பிறகு ஒருவரிடம் "வண்டி எடுக்காதே" என்று சொல்லிப் பயனில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலை, ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்பார், அதை மனதார நம்பவும் செய்வார், ஏனென்றால் மது முதலில் கெடுப்பதே தன் நிலையைத் தானே எடைபோடும் அந்தப் புத்தியைத்தான். ஆகவே செய்ய வேண்டியதையெல்லாம் முதல் கிளாஸுக்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் தொடங்கி காணும் பொங்கல் வரை, திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போனவர்கள் எல்லாம் ஊர் வந்து சேரும் இந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவராவது இதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு கிலோமீட்டர்தானே, ஊருக்குள்ளதானே" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தை பிறக்கும்போது இங்கே, நம் காவிரி டெல்டாவில், சம்பா அறுவடை நேரம். ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் அறுவடை மெஷின், பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் வைக்கோல் கட்டு ஏற்றிப்போகும் டிரெய்லர், கொள்முதல் நிலையத்துக்கு வெளியே பாதி ரோட்டில் காயப்போட்ட நெல், அது கலையாமல் இருக்க ஓரத்தில் வரிசையாக வைத்த கருங்கல், இதற்கெல்லாம் மேல் பனி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல்தான் மூடுவார்கள் என்பதால் பொங்கல் சமயத்தில் வெண்ணாறு, வெட்டாறு, கல்லணைக் கால்வாய் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடும், கரையோர ரோட்டில் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. பைபாஸில் விழுந்தால் பின்னால் வருகிறவர் கண்ணிலாவது படும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் விழுந்தால் விடிந்த பிறகுதான் தெரியும்.

அப்புறம் அளவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் சட்டப்படி குற்றம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில், சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஆள் அதை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் 150 மில்லிகிராம் வரை ஏறலாம், வரம்பைப் போல ஐந்து மடங்கு. உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அப்படியென்றால் வரம்புக்குக் கீழே வரவே எட்டு மணி நேரம். மோர், எலுமிச்சை, கட்டன் காபி, தலைக்குத் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி ஒரு ஆஃப் அடித்தவர் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு நின்றாலும் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கும். 31ஆம் தேதி ராத்திரி குடித்துவிட்டு ஒண்ணாம் தேதி காலையில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு கார் எடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம்.

சரி, என்ன செய்வது? மாட்டுப் பொங்கல் அன்று திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் லீவு. அதனால் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டு களத்திலோ போர் செட்டிலோ உட்காருவார்கள். குடிக்காதே என்று சொல்லி நடக்காத இடத்தில், உட்காரும் இடத்தையாவது நீங்கள் முடிவு செய்யுங்கள்: நடந்தே வீட்டுக்கு வரும் தூரம், இல்லையென்றால் அங்கேயே பாய் விரித்துப் படுக்கிற இடம். பாதியில் "சைடிஷ் வாங்கிட்டு வரேன், சிகரெட் தீர்ந்துடுச்சு" என்று ஒருவர் கிளம்புகிறாரே, அந்தப் பயணம்தான் யார் கண்ணிலும் படாமல் நடப்பது. தண்ணீர், தீனி, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கிளம்புவதற்குச் சாக்கு இருக்காது.

சாவியைக் கேட்டு வாங்குவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். நாலு பேர் முன்னால், அதுவும் மாமனார் வீட்டில், "நீங்க குடிச்சிருக்கீங்க, சாவியக் குடுங்க" என்றால் மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிடும், அந்த ரோஷத்திலேயே வண்டியை முறுக்குவார். பாட்டில் திறக்கும் முன்பே, "மச்சான், உங்க வண்டியக் கொஞ்சம் குடுங்க, அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்" என்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து சாவியை அவரிடம் கொடுக்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டால் காலையில்தான் வெளியே வரும். சாவி கிடைக்கவில்லையா, பைக் என்றால் ஸ்பார்க் பிளக் மேல் மாட்டியிருக்கும் கேப்பை இழுத்துக் கழற்றிவிடுங்கள், பெரும்பாலான வண்டிகள் எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பெரியவர்கள் சொன்னால் கேட்பவர் என்றால் சித்தப்பாவையோ தாய்மாமனையோ விட்டுச் சொல்லுங்கள்: "ராத்திரி இங்கயே படு, காலைல சாப்பிட்டுட்டுப் போகலாம்." விருந்தாளியைத் தங்கச் சொல்வது நம் வழக்கம்தானே, அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

காரைக்கால் விஷயம் தனி, அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்திலிருந்து விலை குறைவு என்று பைக்கில் போய்க் குடித்துவிட்டு அதே பைக்கில் திரும்புகிறார்கள். இதில் போகும்போதே திரும்பும் பயணம் முடிவாகிவிடுகிறது. போயே தீருவேன் என்பவர் பஸ்ஸில் போகட்டும், அல்லது குடிக்காத ஒருவர் ஓட்டட்டும். அந்த ஒருவர் 'ஒரே ஒரு பீர்' ஆளாக இருக்கக் கூடாது.

குடித்தவர் பின்னால் உட்காருபவர்களும் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவில் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உடந்தையாக இருப்பவரையும் 188ஆவது பிரிவில் பிடிக்கலாம். குடித்து ஓட்டியது தெரிந்தால் வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் பணத்தையும் மறுத்துவிடுவார்கள்.

தங்க வைத்தவரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சில் அடைக்காது. நடுவில் ஒன்றிரண்டு தடவை எழுந்து பாருங்கள். உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு போன் செய்யுங்கள்.