உவர் தாங்கும் நெல்லை நாற்றுப் பருவத்திலேயே கண்டறியும் முறை

நெல் தண்ணீரில் நின்று வளரும் பயிரே தவிர, உப்பைத் தாங்கும் பயிர் அன்று. மண்ணை நீரால் நிறைத்துப் பிழிந்தெடுத்த நிறைசாற்றில் அளக்கப்படும் மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி., மீட்டருக்கு 3 டெசிசைமனை (மின்கடத்துதிறனின் அலகு) தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு இழப்பு என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வரும் கணக்கு. ஆயினும் எல்லா நெல்லும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கேரளக் கடலோரத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் வயல்களில் விளையும் பொக்காளி, மேற்கு வங்கத்தின் நோனா பொக்ரா, தமிழ்நாட்டின் குழியடிச்சான் போன்ற பாரம்பரிய நெல்கள் மற்றவை கருகும் உவரிலும் பிழைத்து நிற்பவை. அப்பண்பு ஒரு கலப்பின் சந்ததியில் எந்தெந்தச் செடிகளுக்கு வந்துள்ளது என்று கண்டறிவதே இங்கு விளக்கப்படும் வேலை.

இதை வயலிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் உவர் வயலில் உப்பு சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரே பாத்தியின் இரு மூலைகளில் ஈ.சி. இரண்டு மடங்கு வேறுபடக்கூடும், ஒரு மழை பெய்தால் அதுவும் மாறிவிடும். அவ்வகை வயலில் பிழைத்த செடி தன் மரபணுவால் பிழைத்ததா, தான் நின்ற இடத்தால் பிழைத்ததா என்று சொல்ல முடியாது. அதனால்தான் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டக்கரைசலில் நாற்றுகளை வளர்த்துச் சோதிக்கும் முறையை ஒழுங்குபடுத்தி 1997இல் கையேடாக வெளியிட்டது. இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றுவது அதையோ, அதைச் சற்றே மாற்றிய வடிவத்தையோதான்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. கரையும் உப்பு மிகுந்து, ஈ.சி. 4க்கு மேலும் பி.எச். 8.5க்குக் கீழும் இருப்பது உவர். மாற்றீடு செய்யத்தக்க சோடியம், அதாவது மண்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு, 15 விழுக்காட்டுக்கு மேலும் பி.எச். 8.5க்கு மேலும் இருப்பது களர். களரில் சோடியத்தோடு காரத்தன்மையும், மண் இறுகுவதும், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் பற்றாக்குறையும் சேர்ந்தே வருகின்றன. திருச்சிராப்பள்ளியில் உருவான டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 ஆகிய இரகங்கள் களருக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. சாதாரண உப்பைக் கரைத்துச் செய்யும் இச்சோதனை உவருக்கு மட்டுமே விடை தரும்.

அடுத்தது ஒப்பீட்டு இரகங்கள். இம்முறையில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எளிதில் பாதிக்கப்படும் ஐ.ஆர். 29, தாங்கும் எஃப்.எல். 478 ஆகிய இரண்டும் ஒவ்வொரு தட்டிலும் இடம்பெற வேண்டும். அறைக்கு ஒரு தட்டில் மட்டும் வைத்தால் போதாது. ஐ.ஆர். 29ஐயும் பொக்காளியையும் கலந்து பெற்ற சந்ததியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே எஃப்.எல். 478, பொக்காளியைவிடக் குட்டையானது, விரைவில் பூப்பது. பொக்காளியையே ஒப்பீட்டுக்கு வைப்பதும் உண்டு. ஆனால் அப்பெயரில் விதை வங்கிகளில் பல சேகரிப்புகள் உள்ளன, அவற்றின் மரபணு அமைப்பும் ஒன்றுபோல் இல்லை என்பதால், சேகரிப்பு எண்ணைக் குறிக்காமல் 'பொக்காளி' என்று மட்டும் எழுதிய ஆய்வுக் குறிப்பால் பிறருக்குப் பயனில்லை.

புதிதாக அறுவடையான விதைகளுக்கு உறக்கநிலை இருக்கும். அவற்றை 50 டிகிரி செல்சியசில் 5 நாள் உலர் அடுப்பில் வைத்தெடுத்து, பூஞ்சைக்கொல்லியால் நேர்த்தி செய்து, நன்கு கழுவி, ஈரத்தாள் விரித்த பெட்ரி தட்டில் 30 டிகிரியில் 48 மணி நேரம் முளைக்க விட வேண்டும். இதற்குள் மிதவைகளைத் தயாரித்துவிடலாம். தெர்மாகோல் பலகையில் பத்துக்குப் பத்தாக 100 துளைகள் இட்டு, அடிப்புறம் நைலான் வலை தைத்து, பிளாஸ்டிக் தட்டில் மிதக்க விடுவதே வழக்கம். தட்டின் உட்புறத்தில் ஒளி படாதபடி அடர்நிறத் தட்டுகளைப் பயன்படுத்தினால் பாசி பிடிப்பது பெருமளவு குறையும்.

முளைவிட்ட விதைகளைத் துளைக்கு இரண்டாக, முளைவேர் வலைக்குள் இறங்கும்படி வைக்க வேண்டும். அவசரப்பட்டு வேரை நசுக்கினாலோ ஒடித்தாலோ அந்தச் செடியின் கதை அங்கேயே முடிந்தது எனலாம். ஏனெனில் நெல் உப்பைத் தாங்குவதில் பெரும்பங்கு சோடியத்தை வேரிலேயே தடுத்து நிறுத்துவதில் உள்ளது, காயம்பட்ட வேரின் வழியே அது தடையின்றித் தண்டுக்கு ஏறிவிடும். முதல் மூன்று நாட்களுக்குக் காய்ச்சி வடித்த நீரே போதும். விதையின் முளைசூழ்தசையில் உணவு இருப்பதால் நாற்று பசியறியாது, அதற்குள் இறந்த முளைகளை மாற்றிவிடவும் வாய்ப்புக் கிடைக்கும்.

இங்கு பயன்படும் கரைசல், நெல்லை மண்ணின்றி வளர்க்க வகுக்கப்பட்ட யோஷிடா ஊட்டக்கரைசல் ஆகும். அதில் தழைச்சத்து பத்து இலட்சத்தில் 40 பங்கு, மணிச்சத்து 10 பங்கு, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம் ஒவ்வொன்றும் 40 பங்கு. நுண்ணூட்டங்களில் இரும்பு 2 பங்கு, மாங்கனீசு 0.5 பங்கு, மற்றவை அதனினும் குறைவு. பேரூட்ட உப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவும், நுண்ணூட்டங்களுக்குச் சேர்த்து ஒன்றாகவும் செறிந்த மூலக்கரைசல்களைத் தயாரித்து, லிட்டருக்கு 1.25 மில்லி வீதம் கலப்பதே முறை. அம்மோனியம் நைட்ரேட்டின் மூலக்கரைசல் லிட்டருக்கு 91.4 கிராம் என்பதை ஒரு முறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள்: 1.25 மில்லியில் 0.114 கிராம், அதில் 35 விழுக்காடு நைட்ரஜன், ஆக 40 மில்லிகிராம். இப்படி ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் பழைய பாட்டிலின் சீட்டை நம்பிக் கலக்கக் கூடாது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கரைசலுக்குப் பயன்படுத்துவதும் கூடாது. பல ஊர்களில் அதன் ஈ.சி.யே ஒன்றைத் தாண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் முடிவில் வடிநீரை அகற்றி, லிட்டருக்கு 3 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த ஊட்டக்கரைசலை ஊற்ற வேண்டும், ஈ.சி. 6 டெசிசைமனை ஒட்டி இருக்கும். மேலும் மூன்று நாள் கழித்து உப்பை இரட்டிப்பாக்கி 12 டெசிசைமனுக்கு உயர்த்த வேண்டும். எடையை மட்டும் நம்பாமல் மின்கடத்துமானியைப் பார்த்தே அளவை முடிவு செய்வது நல்லது. இப்படி இரு படிகளாக ஏற்றாமல் ஒரேயடியாக 12க்குப் போனால் நாற்று முதலில் சந்திப்பது வேரால் நீரை ஈர்க்க முடியாமல் போகும் திடீர் அதிர்ச்சியை. நாம் அளக்க விரும்பும் சோடிய நச்சு அந்த அதிர்ச்சியோடு குழம்பிவிடும். உப்பில்லாத ஊட்டக்கரைசல் கொண்ட இணைத்தட்டு ஒன்றும் அதே இரகங்களோடு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையெனில் இயல்பாகவே குட்டையான இரகத்தை உவரால் குன்றியது என்று தவறாகப் படிக்க நேரும்.

இனிமேல் நாள்தோறும் செய்ய வேண்டியது பி.எச். சரிபார்ப்பு. நெல் அம்மோனியத்தை விரும்பி எடுக்கும்போது வேர் அமிலத்தை வெளியிடுவதால் கரைசலின் பி.எச். இறங்கும், அதை ஒவ்வொரு நாளும் 5.0க்குத் திருப்ப வேண்டும். மேலே ஏறினால் இரும்பு கரையாமல் படிந்து நாற்றுகள் வெளிறும். வெளிறலைப் பலர் உப்பின் விளைவு என்று குறித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் பிரித்தறியக் கடினமில்லை: இரும்புப் பற்றாக்குறை இளம் இலைகளை மஞ்சளாக்கும், உப்பு முதிர்ந்த இலைகளின் நுனியிலிருந்து காயவைக்கும். இளம் இலைகள் வெளிறியிருந்தால் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டுக் கரைசலைப் பாருங்கள். ஆவியாகிக் குறைந்த அளவை வடிநீரால் நிரப்ப வேண்டும். உப்புக் கரைசலால் நிரப்பினால் ஈ.சி. நாளுக்கு நாள் ஏறும். எட்டு நாளுக்கு ஒருமுறை கரைசல் முழுவதையும் மாற்ற வேண்டும்.

அறையின் ஈரப்பதமும் முடிவை மாற்றும். சோடியம் பெரும்பாலும் நீரோட்டத்தோடு மேலே செல்வதால், காற்று உலர்ந்திருந்தால் நீராவிப்போக்கு கூடி, அதே 12 டெசிசைமன் மிகக் கொடியதாகிவிடும். மழைக்காலத்தில் அதே கரைசலில் ஐ.ஆர். 29கூட நிமிர்ந்து நிற்கக்கூடும். பகலில் 29, இரவில் 21 டிகிரி, ஈரப்பதம் குறைந்தது 70 விழுக்காடு என்பது கட்டுப்படுத்திய அறைக்கான பரிந்துரை. கண்ணாடிக் கூடத்தில் அது எப்போதும் கிட்டாது, அதனால்தான் ஒப்பீட்டு இரகங்கள் தட்டுதோறும் வேண்டும் என்றேன்.

உப்பிட்ட 10ஆம் நாளிலும் 16ஆம் நாளிலும் மதிப்பெண் இடுவது வழக்கம். 1 என்றால் வளர்ச்சி இயல்பு, இலையில் அறிகுறி இல்லை. 3 என்றால் வளர்ச்சி ஏறத்தாழ இயல்பு, இலை நுனிகளோ சில இலைகளோ வெளுத்துச் சுருண்டவை. 5 என்றால் வளர்ச்சி கடுமையாகக் குன்றி, பெரும்பாலான இலைகள் சுருண்டு, ஒரு சில மட்டும் நீளுபவை. 7 என்றால் வளர்ச்சி நின்று, பெரும்பாலான இலைகள் காய்ந்து, சில செடிகள் இறப்பவை. 9 என்றால் ஏறத்தாழ எல்லாமே இறந்தவை. நாட்காட்டியைவிட ஐ.ஆர். 29ஐ நம்புவதே என் பரிந்துரை. அது 7ஐயோ 9ஐயோ எட்டும்போதுதான் தட்டைப் படிக்க வேண்டும். அது 5லேயே நின்றால் அழுத்தம் போதவில்லை, எஃப்.எல். 478உம் சாய்ந்துகொண்டிருந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது. இரு நிலையிலும் அத்தட்டின் எண்கள் எதையும் சொல்லா. இரகங்களின் பெயரை மறைத்து, இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிடுவது இன்னும் நல்லது, ஏனெனில் தான் வளர்த்த வரிசைக்கு (கலப்பிலிருந்து பிரித்த வழித்தோன்றலுக்கு) 5 போட வேண்டிய இடத்தில் 3 போடும் கை எல்லோருக்கும் உண்டு.

கண்ணால் கண்டதைச் சோடியம், பொட்டாசியம் அளவுகளால் உறுதிப்படுத்தலாம். தண்டையும் இலையையும் வடிநீரில் விரைவாகக் கழுவி, உலர்த்தி, பொடித்து, 0.1 நார்மல் அசிட்டிக் அமிலத்தில் 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, வடிகட்டிச் சுடர் ஒளிமானியில் அளக்கலாம். சாதாரணக் கண்ணாடியே சோடியத்தைக் கசியவிடும் என்பதால் பிளாஸ்டிக் குழாய்களைப் பயன்படுத்த வேண்டும். சோடியம், பொட்டாசிய விகிதத்தை எடைக்கணக்கில் தருகிறோமா, மோல் கணக்கில் தருகிறோமா என்று எழுத மறக்கக் கூடாது. அணுநிறைகள் 23, 39 என்பதால் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபாடு வரும்.

அதே நாற்றுகளின் ஓர் இலைத்துண்டு மரபணுச் சோதனைக்குப் போதுமானது. முதல் நிறமூர்த்தத்தின் (குரோமோசோமின்) குறுங்கையில் சால்டால் எனப்படும் பகுதி உள்ளது. அங்குள்ள மரபணுக்களில் முக்கியமானது, நோனா பொக்ராவிலிருந்து 2005இல் பிரித்தெடுக்கப்பட்ட எஸ்.கே.சி. 1, வேரிலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் சைலக் குழாயில் மேலேறும் சோடியத்தை அருகிலுள்ள திசுக்களுக்குள் திருப்பி, இலைக்குப் போகாமல் காக்கும் கடத்திப் புரதத்தை அது உருவாக்குகிறது. ஆர்.எம். 8094, ஆர்.எம். 3412, ஆர்.எம். 493, ஆர்.எம். 10745 ஆகிய நுண்தொடர் குறிப்பான்கள் (டி.என்.ஏ.வில் ஓர் இடத்தைக் காட்டும் அடையாளங்கள்) இப்பகுதிக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. சிடாப் (CTAB) என்ற வேதிப்பொருளைக் கொண்டு டி.என்.ஏ. பிரித்து, 55 டிகிரி இணைவு வெப்பத்தில் அதைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையை 35 சுற்று நடத்தி, 3 விழுக்காடு அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் பட்டைகள் தெரியும். ஆனால் முதலில் உங்கள் இரு பெற்றோரையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அவ்விரண்டிலும் பட்டை ஒரே உயரத்தில் நின்றால், அந்தக் குறிப்பான் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் உங்கள் கலப்புக்குப் பயன்படாது.

குறிப்பான் என்பது மரபணுவன்று, அதற்கு அருகிலுள்ள அடையாளம் மட்டுமே. இரண்டுக்கும் இடையில் பெற்றோரின் நிறமூர்த்தத் துண்டுகள் இடம்மாறும் மறுசேர்க்கை நிகழ்ந்தால் அடையாளம் வந்து மரபணு வராமல் போகும். எனவே பகுதியின் இரு புறமும் ஒவ்வொரு குறிப்பானையாவது வைத்துச் சோதிக்க வேண்டும். எஃப்.எல். 478இலேயே பொக்காளியிலிருந்து வந்த சால்டால் துண்டு சிறியது, அதன் இரு பக்கமும் ஐ.ஆர். 29இன் பகுதிகளே உள்ளன என்பதையும் குறிப்பான்களைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும். பிற்கலப்பின் வழியே, அதாவது சந்ததியை மீண்டும் மீண்டும் அதே இரகத்தோடு கலந்து, இப்பகுதியை ஒரு நல்ல இரகத்துக்குக் கொண்டுசெல்பவர், தேர்வு ஏதும் இல்லாத நிலையில் முதல் பிற்கலப்பில் 75, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 விழுக்காடு அந்த நல்ல இரகத்தின் மரபணுத்தொகுதி சராசரியாக மீளும் என்று எதிர்பார்க்கலாம். மற்ற நிறமூர்த்தப் பகுதிகளைக் காட்டும் பின்னணிக் குறிப்பான்களைக் கொண்டு தேர்ந்தெடுத்தால் அதைவிட விரைவாகவும் எட்டலாம். புசா பாஸ்மதி 1121க்குச் சால்டால் இவ்வாறே மாற்றப்பட்டது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட புசா டி.எஸ்.டி. ரைஸ் 1 போன்ற மரபணு திருத்திய நெல்லுக்கு வழி வேறு. ஆயினும் நாற்று உவரைத் தாங்குகிறதா என்ற கேள்வி எழும்போது அதுவும் இதே தட்டில்தான் நிற்க வேண்டும்.

தட்டில் தேறிய வரிசையை உடனே 'உவர் தாங்கும் இரகம்' என்று அழைத்துவிடக் கூடாது. நெல் உவருக்கு மிக எளிதில் பாதிக்கப்படும் பருவங்கள் இரண்டு: ஒன்று நாற்றுப் பருவம், மற்றொன்று கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரையுள்ள பருவம். முதலாவதைத் தாங்குவது இரண்டாவதையும் தாங்கும் என்பதற்கு உறுதி அன்று. இரண்டுக்குமான மரபணுக்கள் பெரும்பாலும் வேறு. ஆகவே 3, 5 மதிப்பெண் பெற்ற நாற்றுகளைக் கழுவி, உப்பில்லாத கரைசலில் சில நாள் தேற்றி, தொட்டியில் நட்டு விதை எடுக்க வேண்டும். அவ்விதையின் ஒரு பகுதியைக் கதிர் உருவாகும் பருவத்தில் உப்பிட்டுச் சோதித்துப் பதரின் அளவை எண்ண வேண்டும், மறுபகுதியைக் கடைமடைப் பகுதியின் உண்மையான உவர் வயலில் குறைந்தது இரண்டு பருவங்களாவது, பாத்திதோறும் ஈ.சி. குறித்தபடி, விளைவித்துப் பார்க்க வேண்டும்.