லைன் லிஸ்ட்டிலிருந்து எபி கர்வ் வரை: டெங்கு நோயாளர் பட்டியலைத் தொகுக்கும் முறை

நோய்க் கண்காணிப்புப் பணியில் புதிதாகச் சேர்பவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஓர் எக்செல் கோப்புதான். ஒரு நோயாளருக்கு ஒரு வரி என்று அமைந்த இந்தப் பட்டியலே லைன் லிஸ்ட். அதில் பெயர்களும் தேதிகளும் நிறைந்திருக்கும். ஆனால் நோய் எந்தத் தெருவில், எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அதிலிருந்து விடை கிடைக்காது. அந்த விடையைத் தரும் விதத்தில் பட்டியலை அமைத்து, எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய் தொடங்கியது என்று காட்டும் எபி கர்வ் வரைபடமாக மாற்றுவது எப்படி என்பதை டெங்குவை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதுகிறேன். எக்செல்லில் வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதற்படி: யாரைச் சேர்ப்பது?

வரையறையை முதலிலேயே முடிவு செய்து கோப்பின் முதல் தாளில் எழுதிவிடுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் வரையிலான காய்ச்சலுடன் தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, தசைவலி, மூட்டுவலி, தடிப்பு, இரத்தக்கசிவு ஆகியவற்றில் இரண்டேனும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம் என்று கொள்வது இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல். எலிசா என்ற ஆய்வக இரத்தப் பரிசோதனை முறையில் என்.எஸ்.1 (டெங்கு வைரஸின் புரதம்) அல்லது ஐ.ஜி.எம். (வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) உறுதியானால் மட்டுமே 'உறுதிசெய்யப்பட்டது' என்று குறிக்க வேண்டும். விரைவுப் பரிசோதனை அட்டையின் முடிவை அந்த வகையில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: தேதிகள்

பட்டியலில் நான்கு தேதிகளுக்குத் தனித்தனி நிரல் வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய நாள், மருத்துவமனைக்கு வந்த நாள், இரத்த மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள். ஒரே 'தேதி' நிரலில் இவை கலந்துவிட்டால் பட்டியலால் பயனில்லை. நோய் பரவிய விதத்தைக் காட்டுவது முதல் தேதி மட்டுமே. மற்றவை மருத்துவமனையும் ஆய்வகமும் இயங்கிய விதத்தைத்தான் காட்டுகின்றன.

அந்த முதல் தேதியைப் பெறுவதுதான் கடினம். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டால் "ரெண்டு மூணு நாளா" என்றே பதில் வரும். அதைவிட நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சந்தை கூடிய நாளுக்கு முன்பா பின்பா, பிள்ளை கடைசியாகப் பள்ளிக்குச் சென்றது எந்தக் கிழமை என்று கேட்டால் சரியான நாளை நெருங்கிவிடலாம். அப்படியும் தெரியாவிட்டால் வெற்றிடமாக விடுங்கள். மருத்துவமனைக்கு வந்த நாளை அங்கே இட்டு நிரப்பாதீர்கள்.

மூன்றாம் படி: எக்செல் தேதியை மாற்றிவிடும் இடம்

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது இந்தப் படி. கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால், அக்டோபர் ஐந்து என்ற கருத்தில் 05/10/2024 என்று தட்டச்சு செய்வதை எக்செல் மே மாதம் பத்தாம் தேதியாக எடுத்துக்கொள்ளும்; எந்த எச்சரிக்கையும் காட்டாது. 25/10/2024 என்பதையோ, இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால், வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். ஆக மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களின் பதிவுகள் வேறு மாதங்களுக்குச் சிதறிவிடும். மற்றவை வரைபடத்தில் இடம்பெறாமல் போகும். அறிந்துகொள்ள எளிய வழி உண்டு: நிரலின் இட-வல சீரமைப்பை (அலைன்மென்ட்) நீக்கிப் பார்த்தால் உண்மையான தேதிகள் வலப்புறமும் எழுத்தாக நின்றவை இடப்புறமும் ஒதுங்கும்.

பிறகு திருத்துவதைவிட முதலிலேயே தவிர்ப்பது நல்லது. நாள், மாதம், ஆண்டு என மூன்று நிரல்களில் எண்களாக வாங்கி, 'டேட்' சூத்திரத்தால் நான்காவது நிரலில் இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பார்க்கச் சற்று நீளமாக இருந்தாலும், பலர் பல கணினிகளில் உள்ளிடும் கோப்புக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: ஒருவரே இருமுறை வருவது

நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னும் வரும், பின்னும் வரும், 'எஸ். முருகன்' ஓர் ஆய்வகத்தில் 'முருகன் எஸ்' ஆகிவிடுவார். கைப்பேசி எண்ணை மட்டும் நம்பவும் இயலாது; குடும்பம் முழுவதற்கும் ஒரே எண் இருப்பது வழக்கம். தலைப்பெழுத்து நீக்கிய பெயர், வயது, தெரு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒப்பிட்டு, ஐயம் எழும் இடங்களில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். முகவரியாக மருத்துவமனை இருக்கும் ஊரை அல்ல, காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் நோயாளர் தங்கியிருந்த இடத்தைக் குறியுங்கள்.

ஐந்தாம் படி: எபி கர்வ்

எக்செல்லில் பதிவுகளைத் தொகுத்து எண்ணித் தரும் பிவட் டேபிளில் காய்ச்சல் தொடங்கிய நாளை வரிசையிலும் எண்ணிக்கையை மதிப்பிலும் இட்டு, இடைவெளியற்ற பட்டை வரைபடமாக மாற்றுங்கள். நோயாளரே இல்லாத நாட்களும் அச்சில் இருக்க வேண்டும். நோயரும்பும் காலத்தின், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையிலான காலத்தின், நான்கில் ஒரு பங்கு அளவை ஒரு பட்டைக்கு ஒதுக்குவது பொது விதி. டெங்குவுக்கு நோயரும்பும் காலம் 4 முதல் 10 நாள் என்பதால், ஒரு கிராமத்துக்கு ஒன்றிரண்டு நாள் பொருந்தும், மாவட்ட அளவில் வாரம் போதும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட இலவச மென்பொருளான எபி இன்ஃபோவிலும் இதைச் செய்யலாம். ஆனால் தொடங்குவோருக்கு எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் கால்க் போதும் என்பதே என் கருத்து.

கடைசி ஒரு வாரத்தின் பட்டைகள் எப்போதும் குட்டையாகவே தெரியும். இப்போது காய்ச்சலில் இருப்பவர்கள் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை, வந்தவர்களின் முடிவு இன்னும் வரவில்லை என்பதே காரணம். அந்தப் பகுதியைச் சாம்பல் நிறமாக்கி, 'தகவல் முழுமையடையவில்லை' என்று எழுதுங்கள். இதைப் பார்த்து நோய் தணிந்துவிட்டதென்று கொசு ஒழிப்புப் பணியாளர்களைத் திருப்பி அழைத்தால் பாதிக்கப்படுவது அந்தத் தெருவின் குழந்தைகள்.

ஆறாம் படி: அறிக்கை

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியதிலிருந்து படிவங்கள் மூன்று: களத்தில் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் எஸ், மருத்துவர் நிரப்பும் பி, ஆய்வகம் நிரப்பும் எல். வாரந்தோறும் சென்ற இவை, 2021இல் நாடு முழுவதும் வந்த ஐ.எச்.ஐ.பி. (ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம்) இணையதளத்தில் அன்றாடப் பதிவாகின. நோயாளர் இல்லாத நாளிலும் 'இல்லை' என்று பதிவிடுங்கள். அமைதியான பகுதியையும் அறிக்கை அனுப்பாத பகுதியையும் பிரித்தறிய வேறு வழியில்லை. பெயரும் எண்ணும் உள்ள கோப்பை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். வரிசை எண்ணும் தெருவும் மட்டும் கொண்ட நகல் போதும்.

பின்சேர்க்கை: என்.எஸ்.1 'இல்லை' என்று வந்தவரைப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். மாதிரி எடுத்த நாளிலிருந்து காய்ச்சல் தொடங்கிய நாளைக் கழித்துப் பாருங்கள். என்.எஸ்.1 முதல் ஐந்து நாட்களுக்கே ஏற்றது. அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பார்க்க வேண்டும். ஆகவே ஏழாம் நாளில் எடுத்த மாதிரியில் என்.எஸ்.1 இல்லையென்றால் நீக்காமல், ஐ.ஜி.எம். முடிவு வரும் வரை 'இருக்கலாம்' என்றே வைத்திருங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய நாளுக்குக் கட்டம் இல்லாவிட்டால், ஓரத்தில் கையால் எழுதி அனுப்புங்கள்.