மலிவு நானோவிஎன்ஏ சரியாக அளக்கிறதா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆன்டெனா கட்டிப் பழகும் நண்பர்களுக்கு: நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள்களை அளக்கும் கைக்கருவி) வந்த கையோடு அதை ஆன்டெனாவில் மாட்டாதீர்கள். முதலில் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைத்த முனை), லோடு (50 ஓம் முனை) மூன்றையும் வைத்து கேலிபரேஷன் செய்யுங்கள். அதன்பின் அதே 50 ஓம் லோடை மாட்டி எஸ்டபிள்யூஆர் (சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1 வருகிறது என்று திருப்திப்படுவது சோதனையே அல்ல. அதை 1 என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்ததே நாம்தானே!

ரேடியோ ரிப்பேர் கடையில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி, கால்களை ஒட்ட நறுக்கி, கனெக்டரில் பற்றவைத்து அளந்து பாருங்கள். 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் 2-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அடுத்து 1 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிளை மாட்டுங்கள், மறுமுனை திறந்தபடி. கேபிள் கால் அலைநீளமாகும் 49 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் அது ஷார்ட் போலத் தெரிந்தால் அதிர்வெண் கணக்கும் சரி. பழைய மாடல் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்ஸை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை) வைத்தே அளக்கிறது; அங்கே துல்லியம் குறையும்.

டைனிஎஸ்ஏ (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் சிறு ஸ்பெக்ட்ரம் அனலைசர்) வைத்திருப்பவர்கள் தருமபுரி வானொலியின் 102.5 மெகாஹெர்ட்ஸைப் பிடித்து, ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் 10 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) செருகிப் பாருங்கள். சிக்னல் சரியாக 10 டிபி இறங்க வேண்டும். அதைவிட அதிகமாக இறங்கும் முள் (திரையில் தெரியும் கூர்முனை), கருவிக்குள்ளேயே முளைத்த போலி.

5 வாட் வாக்கிடாக்கியை மட்டும் நேரடியாக மாட்டிவிடாதீர்கள். அது 37 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டிபியில் சொல்லும் சக்தி அளவு). டைனிஎஸ்ஏ தாங்குவது 10 டிபிஎம்தான். அந்த வாட்டைத் தாங்கும் 40 டிபி அட்டெனுவேட்டர் கட்டாயம் வேண்டும்.