வளைகாப்பு முடிந்த பிறகு டாக்டரைத் தேடாதீர்கள்

சேலத்தில் ஒரு பெண் கர்ப்பமானதும் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்க காட்டறீங்க?" என்பதுதான். ஒரு டாக்டர் பெயரைச் சொன்னால், "அவங்களா, நல்ல கைராசி" என்றோ "அங்க போனா ஆபரேஷன்தான்" என்றோ உடனே தீர்ப்பு வந்துவிடும். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கத்து மகப்பேறு மருத்துவமனைகள் பலவற்றுக்கும் இப்படி இரண்டு கட்சி உண்டு. பிரசவம் எப்படி நடக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கும் ஒரு விருப்பம் இருக்கும். முடிந்தவரை காத்திருந்து சுகப்பிரசவம் பார்க்க வேண்டும், வலி நேரத்தில் அம்மாவோ கணவரோ கூட இருக்க வேண்டும், தேவையில்லாமல் பிறப்புறுப்பு வாயை வெட்டித் தையல் போடக் கூடாது, பிறந்ததும் குழந்தையை நெஞ்சில் போட வேண்டும் என்று நினைத்திருப்பாள். டாக்டர் இதற்கு ஒத்துவருவாரா என்பது கைராசியை வைத்துத் தெரியாது, ஊர்ப்பேச்சை வைத்தும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். அதை எப்போது, எப்படி, யாரிடம் கேட்பது என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

தாமதமாகத் தொடங்குவது

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். பெண் பெங்களூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பாள். செக்கப் எல்லாம் அங்கேயே நடக்கும். வளைகாப்பு முடிந்து ஓமலூருக்கோ ஆத்தூருக்கோ அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் சேலத்து டாக்டரைத் தேடுவார்கள். அப்போது 34 வாரம் தாண்டியிருக்கும். புதிய டாக்டருக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது, பெண்ணுக்கும் அவரைத் தெரியாது. மிச்சம் இருக்கும் சில வாரங்களில் ஃபைலைப் புரட்டவே நேரம் சரியாக இருக்கும். விருப்பத்தைப் பேச இடம் எங்கே?

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் ஒரு சனி, ஞாயிறு அம்மா வீட்டுக்கு வந்து போங்கள். அப்போதே இரண்டு டாக்டர்களைப் பாருங்கள். பிரசவம் இங்கேதான், செக்கப் மட்டும் வெளியூரில் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு இடையில் ஒருமுறை வந்து காட்டினால் போதும், கடைசியில் அறிமுகமில்லாதவர் கையில் போய் நிற்க வேண்டாம். இன்னொரு வேலையையும் அப்போதே முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் ஆர்சிஹெச் எண்ணைக் கேட்பார்கள், பிக்மி எண் என்று சொல்வதும் இதைத்தான். அம்மா வீட்டுப் பகுதி சுகாதார செவிலியரிடம் பேசி அந்தப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"நார்மல் பார்ப்பீங்களா டாக்டர்?"

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு: "எல்லாம் நல்லா இருந்தா நார்மல்தாம்மா." அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் ஒரு தகவலும் இல்லை.

சாயங்கால ஓபியை நினைத்துப் பாருங்கள். டோக்கன் நாற்பதைத் தாண்டியிருக்கும், வெளியே பெஞ்சில் இடம் இருக்காது. உள்ளே போனால் எடை, பிரஷர், குழந்தையின் இதயத் துடிப்பு பார்த்து மாத்திரை எழுதித் தருவதற்குள் சில நிமிடம் ஓடிவிடும். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று டாக்டர் கேட்கும்போதே அடுத்த டோக்கன் கதவைத் திறந்துவிடும். அந்த நேரத்தில் எந்தக் கேள்வியும் வாயில் வராது. அதனால் டோக்கன் போடும்போதே, "பிரசவம் பத்திப் பேசணும், பத்து நிமிஷம் வேணும், கூட்டம் இல்லாத நேரமா சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டு வாங்குங்கள். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்து வலி வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்? தேதி தாண்டினால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள், அதற்குள் என்னென்ன பரிசோதனை செய்வீர்கள்? வலி வரவைக்கும் டிரிப்ஸை எப்போது போடுவீர்கள்? வலி நேரத்தில் நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா? முதல் பிரசவம் என்றாலே வெட்டித் தையல் போடுவீர்களா, தேவைப்பட்டால் மட்டுமா? இவற்றுக்கு "நார்மல்தாம்மா" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது.

இதில் எதுவும் அதிகப்படியான ஆசை இல்லை. உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட பிரசவ கால வழிகாட்டுதல்களிலேயே இவற்றில் பல இருக்கின்றன. சிக்கல் இல்லாத பிரசவத்தில் விரும்பும் துணை ஒருவர் கூட இருக்கலாம், நடக்கலாம், சாப்பிடலாம், குடிக்கலாம். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போட வேண்டாம், எனிமாவும் முடி மழிப்பதும் வேண்டாம். குழந்தை நன்றாக இருந்தால் ஒரு நிமிடமாவது விட்டுத்தான் தொப்புள்கொடியைக் கட்ட வேண்டும். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் சரியல்ல என்கிறது அதே வழிகாட்டுதல்.

பதிலைத் தவறாக எடைபோடுவது

நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் "சரி சரி, பண்ணிடலாம்" என்று தலையாட்டும் டாக்டர் உங்கள் விருப்பத்தை ஆதரிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். "காத்திருக்கலாம். ஆனா பனிக்குடத் தண்ணி பச்சையா வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தையோட துடிப்பு இறங்கினாலோ காத்திருக்க மாட்டேன்" என்று சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தன் எல்லை எது என்று முன்கூட்டியே சொல்பவர்தான் அந்த எல்லை வரை உங்களுடன் நிற்பார். கேள்வி கேட்டதற்கே, "நெட்ல படிச்சிட்டு வந்தியா? நாங்க பாத்துக்கறோம்" என்று வாயை அடைத்தால், லேபர் வார்டில் அதைவிட மென்மையாக நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இதைப் பார்த்துவிட்டு எல்லா டாக்டரும் காசுக்காகக் கத்தி எடுக்கிறார் என்று முடிவு கட்டுவதும் தவறு. சர்க்கரை, பிரஷர், முந்தைய சிசேரியன், ஏதாவது ஆனால் அடிதடிக்கு வரும் சொந்தக்காரர்கள், இரவில் ஆள் இல்லாத சின்ன மருத்துவமனை என்று காரணங்கள் பல. நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் சரிந்தாலோ சிசேரியன்தான் உயிரைக் காப்பாற்றும். ஆனால் "கொடி சுத்தியிருக்கு" என்பது மட்டும் காரணம் ஆகாது. பல குழந்தைகள் கழுத்தில் கொடி சுற்றியே சுகப்பிரசவத்தில் பிறக்கின்றன. அந்த மருத்துவமனையில் போன மாதம் எத்தனை பிரசவம், அதில் முதல் பிரசவக்காரர்களுக்கு எத்தனை சிசேரியன் என்று கேட்பதில் தப்பே இல்லை. முகம் சுளிக்காமல் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

முதல் குழந்தை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரே ஒரு சிசேரியன், வெட்டு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக, வேறு சிக்கல் இல்லை என்றால், முயற்சி செய்யும் நான்கு பேரில் சுமார் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து சுமார் இருநூறில் ஒருவருக்கு. அது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் நடந்தால் நிமிடக்கணக்கில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். அதனால் இதற்குச் சம்மதிக்கும் டாக்டர் மட்டும் போதாது. 24 மணி நேரமும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் தயாராக இருக்கும் மருத்துவமனை வேண்டும். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள். வெட்டு எந்த இடத்தில் என்று தெரியாமல் யாரும் முயற்சி செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது.

டாக்டரை மட்டும் பார்ப்பது

ஓபியில் பேசியது ஒருவராக இருக்கும், நள்ளிரவில் லேபர் வார்டில் இருப்பது வேறொருவராக இருக்கும். வலி நேரம் முழுவதும் கூட இருக்கப் போவது சிஸ்டரும் டியூட்டி டாக்டரும்தான். சின்ன மருத்துவமனைகளில் குழந்தையின் தலை தெரியும் நேரத்துக்குத்தான் டாக்டர் வருவார். ராத்திரி யார் இருப்பார்கள், டாக்டர் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார், குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். லேபர் வார்டை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கணவர் உள்ளே வரலாமா என்று டாக்டர் ஒன்று சொல்வார், சிஸ்டர் வேறு சொல்வார். நடைமுறையில் நடப்பது சிஸ்டர் சொல்வதுதான்.

அரசு மருத்துவமனையைப் பேச்சிலேயே எடுக்காமல் விடுவதும் ஒரு தவறு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் சிக்கலான கேஸ்கள் வருகின்றன. இரவிலும் டாக்டர்கள் அங்கேயே இருப்பார்கள். சுகப்பிரசவமோ சிசேரியனோ கட்டணம் கிடையாது. பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை அனுமதிக்கும் முறை தமிழக அரசு மருத்துவமனைகளில் பல வருடமாக இருக்கிறது. கூட்டம் அதிகம், தனி அறை எதிர்பார்க்க முடியாது, இன்ன டாக்டர்தான் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

நாலு பக்க பிளானும் நல்ல நேரமும்

பிரசவம் எப்படி நடக்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பெண் எழுதிய நாலு பக்க பிளானை அப்படியே அச்செடுத்துப் போனால் சிஸ்டர் படிக்க மாட்டார். அரைப்பக்கம் போதும், தமிழில் எழுதுங்கள். "அம்மா கூட இருக்க வேண்டும். வலி தாங்கும்வரை நடக்க விரும்புகிறேன். வெட்ட வேண்டி வந்தால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழந்தை நன்றாக இருந்தால் உடனே என் நெஞ்சில் போடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர உதவுங்கள். சேனைத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் யார் கேட்டாலும் கொடுக்க விடாதீர்கள். சிசேரியன் ஆனாலும் குழந்தையை முதலில் என்னிடம் காட்டுங்கள்." இவ்வளவுதான். டாக்டரிடம் காட்டிப் பேசி, அவர் கையெழுத்தோடு ஃபைலில் வைத்துவிடுங்கள். சிசேரியன் பற்றிய அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் ஆனாலும் உங்கள் விருப்பத்துக்கு இடம் உண்டு.

சுகப்பிரசவம் வேண்டும் என்று டாக்டரிடம் பெண் பேசிக்கொண்டிருக்க, வீட்டில் ஜோசியரிடம் நட்சத்திரம் பார்த்து சிசேரியனுக்குத் தேதி குறிப்பதும் நடக்கிறது. டாக்டருக்கு அது தெரிந்தால் அந்த வீட்டின் உண்மையான விருப்பம் எது என்று குழம்பத்தான் செய்வார். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம். இதைப் பெரியவர்களிடம் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மகள் சொன்னால் எடுபடாதது டாக்டர் சொன்னால் எடுபடும்.

மலையில் இருப்பவர்கள்

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வலி வந்ததும் வாங்க" என்று சேலத்து டாக்டர் சொல்வது அஸ்தம்பட்டிக்காரருக்குச் சரி. நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ இருப்பவருக்கு அது சரிவராது. முதலில் ஏற்காடு ஊருக்கு வந்து, அப்புறம்தான் மலை இறங்க வேண்டும். கனமழையில் மண் சரிந்தால் குப்பனூர் பாதையில் சுற்றிப் போக வேண்டும், மே மாதத்தில் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். இரண்டாவது பிரசவம் என்றால் வலி வேகமாக முற்றும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி, உங்களுக்கு என்று தனியாக ஒரு கணக்குக் கேளுங்கள். 37 வாரம் முடிந்ததும் கோரிமேட்டிலோ அஸ்தம்பட்டியிலோ சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குவது நல்லது. அப்படி யாரும் இல்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. டாக்டர் ஒத்துவரவில்லை என்பதற்காக வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் முடிவெடுக்க வேண்டாம். ரத்தப்போக்கு வந்தால் 108 வண்டி வளைவுகளைத் தாண்டி வரும்வரை உடம்பு தாங்காது.

மாற்றத் தயங்குவது

"இத்தனை மாசம் காட்டிட்டு இப்ப எப்படிக் கண்ணு மாத்தறது, அவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மா தயங்குவார். ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அவர்கள் தினமும் பார்ப்பதுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் உங்களுடையவை. நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை போட வேண்டியதில்லை. 32 வாரத்துக்குள் மாற்றிவிட்டால் நல்லது. 36 தாண்டினால் பலர் புதிதாக எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள்.

டாக்டர் சரியாக அமைந்த பிறகும், வலி நடுவில் "சிசேரியன் பண்ணிடலாம்" என்ற பேச்சு வரலாம். அப்போது கேட்க வேண்டியவை: என்ன ஆச்சு? எவ்வளவு நேரம் இருக்கிறது? இன்னும் கொஞ்சம் பார்த்தால் என்ன ஆகும்? "நேரமே இல்லை, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது" என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். வலியில் இருக்கும் பெண்ணால் இதைக் கேட்க முடியாது. வெளியே நிற்கும் கணவர், மாமியார், அம்மா, சித்தப்பா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் டாக்டர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். பேசப் போவது யார் என்பதை ஒன்பதாம் மாதத்திலேயே முடிவு செய்து, அவருடைய செல் நம்பரை அந்த அரைப்பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.