கொரியப் பரிசோதனை அறிக்கையில் பிஎம்ஐ: படித்துப் புரிந்துகொள்ளும் முறை

கொரியாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர், காப்பீட்டுப் பரிசோதனை அறிக்கையில் 'பருமன்' என்று இருப்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதை நான் படித்துப் புரிந்துகொண்ட வரிசை இது.

1. கணக்கு

பிஎம்ஐ என்பது உடல் நிறைக் குறியீட்டெண் (Body Mass Index). எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரம் 168 செ.மீ., எடை 73 கிலோ என்றால்: 73 ÷ (1.68 × 1.68) = 25.9.

2. எந்த அட்டவணை?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 25.9 என்பது வெறும் 'அதிக எடை'. பருமன் 30இல்தான் தொடங்குகிறது. கொரிய அட்டவணையிலோ 25இலேயே பருமன். 23 முதல் அதற்கு முந்தைய நிலை. அறிக்கையில் தவறு ஏதும் இல்லை. அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட ஆசியர்களுக்கு உடல் கொழுப்பு கூடுதலாக இருப்பதால், நீரிழிவும் ரத்த அழுத்தமும் குறைந்த எண்ணிலேயே வந்துவிடுகின்றன. இந்தியர்களுக்கும் இதே 23, 25 எல்லைகளைத்தான் நம் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். ஆகவே கொரிய அட்டவணையையே நம்புங்கள்.

இந்தச் சூத்திரத்தின் மூலவர் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே. 19ஆம் நூற்றாண்டில் அவர் தேடியது மக்கள்தொகையின் சராசரியை. தனி மனிதரின் நோயை அல்ல. பிஎம்ஐ என்ற பெயர் 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் வைத்தது.

3. இடுப்பளவு

தையல்காரரின் நாடா போதும். மின்னோட்டத்தால் கொழுப்பை அளக்கும் கருவியைவிட எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. தண்ணீர் குடித்தாலே கருவியின் எண் மாறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது படியுங்கள். வயிற்றை உள்ளிழுக்க வேண்டாம். கொரியாவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 85 செ.மீ. எல்லை. இந்தியப் பெண்களுக்கு 80 என்பதால் நம்மவர்கள் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

4. கொரிய மரபு மருத்துவர்

அறிக்கையோடு மரபு மருத்துவரிடம் போனால், அவர் எண்ணோடு நிற்பதில்லை. வியர்வை, செரிமானம், மலம், தூக்கம், உடலின் எந்தப் பகுதி அகன்றது என்று கேட்டுக்கொண்டே போவார். கொரிய மருத்துவர் லீ ஜே-மா 1894இல் எழுதி முடித்த நூலிலிருந்து வந்த சாசாங் முறை, மனிதரை நான்கு உடல்வாகுகளாகப் பிரிக்கிறது. கல்லீரல் வலுவும் நுரையீரல் மெலிவும் கொண்ட 'தே-உம்' வகையினர் எளிதில் பருப்பவர்கள். அவர்களுக்கு நன்றாக வியர்ப்பது நலத்தின் அடையாளம். செரிமானம் மெலிந்த 'சோ-உம்' வகையினருக்கோ மிகுந்த வியர்வை சோர்வின் அறிகுறி. 'சோயாங்', 'தேயாங்' மற்ற இரண்டு.

பருத்தவர் எல்லோரும் தே-உம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் வாத, பித்த, கபத்தோடும் ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டாம். இது உறுப்புகளின் வலுவை வைத்துப் பிரிப்பது. உடல்வாகு உணவுப் பழக்கத்தைத் திருத்த உதவும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டியவை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

இந்த எல்லைகள் பெரியவர்களுக்கு மட்டுமே. குழந்தைகளுக்கு வயதுவாரி வளர்ச்சி வரைபடம் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தசை மிகுந்தவர்கள் இடுப்பளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடை குறைக்கும் மூலிகைக் கஷாயம் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் பலவற்றில் 'மாஹ்வாங்' எனப்படும் எபெட்ரா என்ற மூலிகை சேர்கிறது. அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்; அமெரிக்கா 2004இல் துணை உணவுகளில் அதைத் தடை செய்தது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் அந்தக் கஷாயத்தை வாங்கக் கூடாது.