கவலையைக் கர்த்தர்மேல் வைப்பது எப்படி?

வேதாகமத்தில் 1 பேதுரு 5:6, 7 இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். பலர் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிற ஏழாம் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முந்தினது தேவனுடைய பலத்த கைக்குள் அடங்கியிருக்கச் சொல்கிறது. அடங்காத மனம் கவலையை விடாது.

ராத்திரி படுக்குமுன் கவலையைத் தாளில் எழுதுங்கள். "பணக் கஷ்டம்" என்று பொதுவாக வேண்டாம். "15-ஆம் தேதி கட்டவேண்டிய பள்ளிக் கட்டணம்" என்று எழுதுங்கள். பக்கத்திலேயே நாளை உங்களால் ஆகிற ஒரே வேலை: பள்ளி அலுவலகத்தில் தவணை கேட்பது. மீதியை வாய்விட்டு ஜெபித்து ஒப்புக்கொடுங்கள். பிலிப்பியர் 4:6 சொல்கிறபடி ஸ்தோத்திரமும் (நன்றி சொல்வதும்) சேரட்டும். இல்லாவிட்டால் ஜெபம் வெறும் புலம்பலாகிவிடும்.

பெரும்பாலும் தவறுவது, "இந்தத் தேதிக்குள் இப்படித்தான் நடக்கணும்" என்று கர்த்தருக்கே வழி சொல்வதில்தான். ஏற்ற காலம் அவருடையது.

நடு ராத்திரியில் கவலை திரும்பினால் விசுவாசக் குறைவென்று நொந்துகொள்ளாதீர்கள். அதே ஜெபத்தை மறுபடி சொல்லுங்கள். தூக்கமே வராத நாட்கள் தொடர்ந்தால் போதகரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.