ஜெர்மனியில் முதல் வீடு: தபால் பெட்டியில் இருவர் பெயரும் இருக்கட்டும்

சாவி கைக்கு வந்ததும் மனசு பெட்டிகளைப் பிரிக்கத்தான் ஓடும். பால் காய்ச்ச வேண்டும், வீடியோ காலில் அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் கீழே இறங்கிப் போய், தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் இருவர் பெயரையும் ஒட்டிவிட்டு வாருங்கள். இப்போதைக்கு ஒரு துண்டுக் காகிதமும் டேப்பும் போதும்.

ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் தெருவும் கட்டட எண்ணும்தான் இருக்கும். நம் ஊர் அடுக்குமாடிகளில் இருப்பது போல ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அதனால் கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு வேறு பெயர். எங்கள் வாடகை ஒப்பந்தம் கணவர் பேரில் இருந்ததால், உரிமையாளர் என் மாமனார் பெயரை மட்டும் அச்சடித்து ஒட்டி வைத்திருந்தார். என் மருத்துவக் காப்பீட்டு அட்டை இரண்டு தடவை திரும்பிப் போனது. காரணம் புரிய மூன்று வாரம் ஆனது. என் பேரில் ஒரு காகிதம்கூட வராத அந்த நாட்களில், வேறு யாரோ ஒருவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருப்பது போலத்தான் எனக்கு இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வரும் இளம் தம்பதிகளில் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் வேலை இருக்கும். அவரே வங்கி, காப்பீடு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், அதையும் அன்பினால்தான் செய்வார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருப்பவருக்குத் தன் வீட்டு வாடகை எவ்வளவு என்றே தெரிந்திருக்காது. வீட்டின் காகிதங்கள் முதல் நாளிலிருந்தே இருவர் கையிலும் இருக்க வேண்டும். கீழே இருப்பதையெல்லாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதல் இரண்டு வாரம்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு, சம்பளம் என்று எல்லாமே இதைத் தொட்டுத்தான் நகரும். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததை வீட்டு உரிமையாளர் உறுதிப்படுத்தும் படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய. திருமணச் சான்றிதழின் அசலையும் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்காது, ஆகவே வீடு உறுதியானவுடனே தேடத் தொடங்குங்கள்.

ஒருவர் முன்னால் வந்து மற்றவர் பிறகு வந்து சேர்ந்தால், அவருக்கும் அதே படிவம், அதே பதிவு. கணவனோ மனைவியோ வந்து சேர உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும்.

பதிவான சில வாரங்களில் வரி அடையாள எண் தபாலில் வரும். 11 இலக்கம், ஆளுக்கு ஒன்று, ஆயுளுக்கும் மாறாதது. சம்பளத்தில் மாதா மாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை வரி வகுப்பு தீர்மானிக்கும். திருமணமானவர்களை முதலில் இருவரையும் நான்காம் வகுப்பில் வைப்பார்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது அவருக்கு மூன்று, மற்றவருக்கு ஐந்து என்று மாற்றிக்கொண்டால் மாதா மாதம் கையில் வரும் பணம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் இருப்பவர் நாளைக்கு வேலைக்குச் சேர்ந்தால் அவர் சம்பளத்தில் பிடித்தம் அதிகமாக இருக்கும். குழந்தை பிறந்தால் கிடைக்கும் எல்டர்ன்கெல்ட் உதவித்தொகையையும் கையில் வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடுவதால் அதுவும் குறையும். வேலை தேடத் தொடங்கும் அன்றே இதைத் திரும்ப எடுத்துப் பேசுங்கள்.

அப்புறம் ஒரு கடிதம் வரும், பார்த்தால் மோசடி போலத் தோன்றும். பொது ஒலிபரப்புக்கான கட்டணம், மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள், கட்டித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு, ஆளுக்கு ஒன்று அல்ல. உங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்தால், ஒருவர் ஏற்கெனவே கட்டிவரும் கணக்கின் எண்ணைக் குறிப்பிட்டு மற்றவர் பதில் போட்டுவிடலாம்.

ஒப்பந்தமும் வெறும் சுவரும்

விளம்பரத்தில் தெரியும் வாடகை பெரும்பாலும் கால்ட்மீட்டே, அதாவது வெறும் வீட்டுக்கு மட்டுமான வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. டெபாசிட் மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் கேட்க முடியாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. புதிதாக வந்து கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இது பெரிய ஆறுதல். கேட்கத் தயங்காதீர்கள்.

சாவி வாங்கும்போது ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள். சுவரில் கீறல், தரையில் கறை எதுவானாலும் ஒப்படைப்புத் தாளில் எழுத வையுங்கள். மின்சார மீட்டரின் எண்ணும் அளவும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் எந்த நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் விளக்கு எரியும், ஏனென்றால் அந்தப் பகுதியின் அடிப்படை மின் நிறுவனத்தில் தானாகவே சேர்ந்துவிடுவீர்கள். அது பெரும்பாலும் விலை கூடியதாக இருக்கும். இரண்டு வார அறிவிப்பில் அதிலிருந்து மாறிக்கொள்ளலாம்.

பல வீடுகளில் சமையலறை என்ற அறை மட்டும் இருக்கும். அடுப்பு, அலமாரி, கழுவுதொட்டி ஒன்றும் இருக்காது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கம்பி தொங்கும். பார்த்ததும் கலங்க வேண்டாம், இங்கே அது வழக்கம். வீடு தேடும்போதே சமையலறை பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். காலி செய்யும் வாடகைக்காரரிடமிருந்து அதை விலைக்கு வாங்குவதும் சகஜம்.

சமையலும் ஜன்னலும்

நம் சமையல் வேறு, இந்த வீடுகள் வேறு. குளிருக்காகக் காற்றுப் புகாமல் கட்டியிருப்பார்கள். இட்லி ஆவி, குக்கர் ஆவி, குளித்த ஈரம், உள்ளேயே உலர்த்தும் துணி எல்லாம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த சுவர் மூலையில் போய்த் தங்கும். ஜனவரியில் ஒருநாள் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். எங்களுக்கு முதல் குளிர்காலத்தில் அதுதான் நடந்தது.

இதற்கு இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்துவிட்டு மூடுவது. ஷ்டோஸ்லூஃப்டன் என்று பெயர். கொட்டும் பனியிலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் கைப்பிடி கீழே இருந்தால் மூடியிருக்கிறது, பக்கவாட்டில் திருப்பினால் முழுதாகத் திறக்கும், மேலே திருப்பினால் சாய்ந்து நிற்கும். நாங்கள் செய்த தவறு, நாள் முழுக்கச் சாய்த்தே வைத்திருந்தது. அப்படி வைத்தால் காற்று சரியாக மாறாது, சுவர் மட்டும் குளிர்ந்துபோகும், ஹீட்டர் செலவும் ஏறும். வாடகைதாரர் சரியாகக் காற்றோட்டம் விட்டாரா என்பதுதான் பூஞ்சைத் தகராறுகளில் முதல் கேள்வியாக வரும். எனவே துணியைக் கூடியவரை கீழ்த்தளத்து உலர்த்தும் அறையில் போடுங்கள், பீரோவை வெளிச் சுவரை ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளி வையுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸி இங்கே ஓடும், வோல்டேஜ் ஒன்றுதான். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், மிளகாய் கருகினால் அது அலறும்.

அக்கம்பக்கம்

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிறும் விடுமுறை நாட்களும் முழுநாளும் அமைதி நேரம். சுவரில் துளை போடுவதைச் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள். தோசை மாவையும் அன்றைக்கே அரைத்துவிடுங்கள். ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை எப்படியும் வேலை நாள்தான்.

நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோகெ என்று ஒன்று உண்டு. உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அந்த வாரம் மாடிப்படியை, சில கட்டடங்களில் வாசல் நடைபாதையையும், நீங்கள் பெருக்கிச் சுத்தம் செய்து பலகையை அடுத்த வீட்டில் மாட்ட வேண்டும். வாசல் பெருக்கிப் பழகிய கைக்கு இது கஷ்டமே இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி என்னிடம் முதன்முதலாகப் பேசியது நான் படி துடைத்துக்கொண்டிருந்தபோதுதான்.

குப்பைத் தொட்டியின் நிறங்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், உங்கள் நகராட்சியின் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலையும் குளிர்பான டின்னையும் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட்.

வீட்டில் இருப்பவரின் பகல்

இதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. கணவர் காலை எட்டுக்குக் கிளம்பிவிடுவார். மாலை வரை வீட்டில் பேச ஆள் கிடையாது. நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அழுகை வந்தால் அது உங்கள் பலவீனம் அல்ல. சாயங்காலம் களைத்து வருபவர் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், "பழகிடும்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

மனைவியோ கணவனோ குடும்ப விசாவில் வந்திருந்தால் வேலை செய்யும் உரிமை உண்டு, அது அனுமதி அட்டையிலேயே எழுதியிருக்கும். மொழி வகுப்பை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். பெரும்பாலான ஊர்களில் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடம் இருக்கிறது, கட்டணம் தனியார் வகுப்புகளைவிடப் பொதுவாகக் குறைவு. ஆன்லைன் வகுப்பைவிட நேரில் போவதையே நான் சொல்வேன். உங்களுக்கென்று ஒரு பஸ், ஒரு பெஞ்ச், பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேர் வேண்டும்.

வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காகத் திறங்கள், ஆளுக்கொரு அட்டை. அரசு சார் மருத்துவக் காப்பீட்டில் வருமானம் இல்லாத துணைக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் அவர் பேரில் தனி அட்டை வர வேண்டும். வரவில்லையென்றால் மறுபடியும் தபால் பெட்டியைப் பாருங்கள்! அவசரத்துக்கு 112, இரவிலோ வார இறுதியிலோ அவசரமில்லாத மருத்துவர் தேவைக்கு 116117. இந்த இரண்டு எண்களையும் வீட்டு முகவரியையும் ஜெர்மனில் சொல்ல வீட்டில் இருப்பவர் பழகியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு கடித இரவு. அந்த வாரம் வந்த கடிதங்களை நான்தான் பிரிப்பேன், நான்தான் முதலில் வாசிப்பேன், புரியாததை இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்துப் பார்ப்போம். பிறகு தேதி போட்டுக் கோப்பில் வைப்போம். முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த இலையுதிர் காலத்தில் வெப்பமூட்டல், தண்ணீர் போன்றவற்றுக்காக வந்த ஆண்டுச் செலவுக் கணக்கில், எங்கள் வீட்டுப் பரப்பளவு தவறாக இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன்.

ஊருக்குப் போன் பேசும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபரின் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். அன்றைக்கு வழக்கமான நேரத்தில் கூப்பிட்டால் அங்கே ஒரு மணி நேரம் கூடப் போயிருக்கும், அம்மாவிடம் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.